காளவாய்க்குப் போன சிப்பி மூட்டை

28 ஜனவரி 1946, திங்கள்

காலையில் மலை தெரியவில்லை. பனி. எட்டு மணிக்குத்தான் கோபுரம் வெளியே வந்தது. சால்வையோடு முற்றத்தில் அரை மணி உட்கார்ந்தேன். விரல் நுனி இன்னும் சில்லென்று.

சென்னையிலிருந்து கல்லூரி முதல்வரின் கடிதம். மரியாதையான கடிதம். மார்ச் முதல் தேதி வகுப்புக்கு வந்தாக வேண்டும், மருத்துவர் சான்றோடு. தவறினால் விலங்கியல் துறையைத் 'தற்காலிகமாக' இளையவர் ஒருவரிடம் ஒப்படைப்பார்களாம். 'தற்காலிகமாக' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

இருபத்து மூன்று ஆண்டு வேலை. வயது நாற்பத்தெட்டு. மாதவிலக்கு நிற்க வேண்டிய காலத்தில் நிற்காமல், ஐந்து மாதமாக ஒழுங்கில்லாத ரத்தப்போக்கு. டிசம்பரில் கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்தேன். அன்றிலிருந்து தங்கை கோமதியின் வீடு, திருத்தணி.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கோமதி: "பின்கட்டுலேர்ந்து கூடத்துக்கு வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது. நீ பட்டணத்துல மூணு மணி நேரம் நின்னுகினு பாடம் நடத்தப் போறியா?"

கடிதத்தைப் படித்ததற்கே மூச்சு வாங்கியது.

செய்ய வேண்டியவை:
முதல்வருக்குப் பதில் (வருகிறேன் என்று).
வியாழன், டாக்டர்.
மூக்குக்கண்ணாடியின் கால்; தட்டானிடம்.


31 ஜனவரி, வியாழன்

வெயில். மருத்துவமனையில் கூட்டம். லேடி டாக்டர் அரக்கோணத்திலிருந்து வியாழன் மட்டும் வருகிறார். முப்பது வயதிருக்கும். வேகமான கை.

ரத்தச் சோதனை: விரலில் ஊசி, ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு, அதைப் பத்துச் சிவப்புகள் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிட வேண்டும். முதல் படி வெளிறிய ரோஜா. பத்தாம் படி நல்ல ரத்தம். நான் நான்கு.

"ஏழு வந்தால் சான்றில் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குக் கீழே நின்று வகுப்பு எடுத்தால் மறுபடி விழுவீர்கள்."

இரும்பு மாத்திரை. முட்டை, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல். ஈரல் இரண்டு ஞாயிறு சாப்பிட்டு இரண்டு ஞாயிறும் வாந்தி எடுத்ததைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"கடல் சிப்பி கிடைக்குமா? இரும்பு, செம்பு, அயோடின், நல்ல புரதம், எல்லாம் அதில் உண்டு. வயிற்றுக்கும் லேசு. பழக்கம் உண்டா?"

"அறுத்துப் பழக்கம். வருஷா வருஷம் மாணவிகளுக்கு அறுத்துக் காட்டுகிறேன்."

"சாப்பிட்டு?"

"இல்லை."

சிரித்தார். பிறகு அட்டையும் ஒற்றுத்தாளும் என் கையில். "நீங்கள் விஞ்ஞானம் படித்தவர். வாரம் ஒருமுறை நீங்களே பார்த்து எழுதுங்கள். கடைசி வியாழன் கொண்டுவாருங்கள். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள், பாருங்கள்."

ஒரு பொருள் எல்லாவற்றுக்கும் நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கு அதன் மேல் சந்தேகம் வரும். ஆனாலும் சாயங்காலம் ரெஜினாவுக்குக் கடிதம் எழுதினேன். என் பழைய மாணவி, இப்போது பழவேற்காட்டில் பள்ளி ஆசிரியை. ஏரியும் கடலும் சேரும் ஊர். அங்கே சிப்பிக்குக் குறைவிருக்காது.


4 பிப்ரவரி, திங்கள்

ரெஜினாவின் பதில், ஒரு கார்டில் பொடி எழுத்தில். புதன்கிழமை பொன்னேரியில் ரயிலேற்றுகிறாள். ஈரச் சாக்கில், குழிந்த ஓடு கீழே இருக்கும்படி அடுக்குவாளாம், உள்ளே இருக்கும் கடல்நீர் சிந்தாமலிருக்க. வியாழன் மாலைக்குள் வந்துவிடும். 'தயவுசெய்து கிணற்று நீரில் போட வேண்டாம், செத்துவிடும்.' எனக்கே பாடம். சரியான பாடம்தான்.

கோமதியிடம் சொன்னேன். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். ரேஷன் அரிசி; பாதி கல்.

"வியாழக்கிழமைன்னா பரவாயில்ல. வெள்ளிக்கிழமை கவுச்சி கூடாது. சனிக்கிழமை தை கிருத்திகை, கிட்டயே வரக்கூடாது. நான் விரதம் வேற எடுத்துகினு இருக்கேன்."

"எதற்கு?"

"எதுக்குன்னா? உனக்குத்தான். பச்சைத் தண்ணியோட மலை ஏறி வர்றதா வேண்டிகினேன்."

என்னைக் கேட்கவில்லையே என்று சொல்ல வந்தேன். என் ரத்தப்போக்கைப் பற்றி அவள் வேறு யாரிடமும் பேசவில்லை. முருகனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். விட்டுவிட்டேன்.

கோமதியின் கணவர் சுந்தரம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. என்னோடு நேரே பேசமாட்டார். மனைவிக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்வார். இன்று சாப்பாட்டின்போது: "உங்க அக்காவுக்குச் சிப்பி வருதாமே. உள்ளே முத்து இருந்தா ஆபீஸ்ல மூச்சு விடாதே. வரி போட்டுடுவாங்க."


7 பிப்ரவரி, வியாழன்

சிப்பி வரவில்லை.

கிருத்திகைக்கு ஸ்பெஷல் ரயில்கள். பார்சல் எல்லாம் அரக்கோணத்திலேயே தேங்கி நிற்கிறதாம். ஊர் முழுக்கச் சுண்ணாம்பு வாடை. சத்திரங்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறார்கள். தெருவில் தெலுங்கு அதிகம். சித்தூர்ப் பக்கத்துக் காவடிகள் வர ஆரம்பித்துவிட்டன.

சோதனை: நான்கு. மாறவில்லை.

மாத்திரையால் வயிறு கட்டிக்கொண்டது.


8 பிப்ரவரி, வெள்ளி

வரவில்லை. வராததே நல்லது என்று கோமதி முகத்தில். மூன்றாம் நாள். கோடையாக இருந்தால் மூட்டையை மறந்துவிடலாம். இந்தக் குளிரில், சாக்கு ஈரமாக இருந்தால், உயிரோடிருக்க வாய்ப்புண்டு.


9 பிப்ரவரி, சனி

மேகமில்லை. விடியுமுன்பே கோமதி ஈரப்புடவையோடு மலைக்குப் போய்விட்டாள். அரோகரா சத்தம் நிற்கவே இல்லை.

கா. 9 மணி. ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். பார்சல் அறையில் மூட்டை இல்லை. பதிவேட்டில் மட்டும் 'வந்தது' என்று இருக்கிறது. போர்ட்டர் கண்ணையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கிளிஞ்சல் மூட்டை ஒண்ணு வந்துச்சும்மா, விடியக்காலைல. காளவாய்க்கு அனுப்பிச்சிட்டேன்."

"யார் அனுப்பச் சொன்னது?"

"யாரும்மா சொல்லணும்? சீட்டு நஞ்சி பிஞ்சி போயிருந்துச்சு. கிளிஞ்சல்னா காளவாய்க்குத்தான் வரும். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு இல்லாம ஊரே அலைஞ்சிகினு கீது. வேற யாரு அத வாங்குவாங்க?"

அதைச் சாப்பிட ஒருத்தி வாங்குவாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும். கோபிக்க இடமில்லை.

சுண்ணாம்புக் காளவாய் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். தூரம் அதிகமில்லை, எனக்கு அதிகம். போகும்போதே வாசனை வந்தது. சுண்ணாம்பு வாடை இல்லை. நெருப்பில் வாட்டிய மீனைப் போல, அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக. கிருத்திகையன்று, காவடி போகும் பாதையில். தெருவில் ஒரு கிழவர் மூக்கைத் துண்டால் மூடியபடி யாரையோ திட்டிக்கொண்டு போனார்.

காளவாய் முனிரத்தினம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நாகம்மா இடுக்கியோடு காளவாய் விளிம்பில் நின்று எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்தது இது: காளவாயில் கரியும் கிளிஞ்சலும் அடுக்கடுக்காகப் போட்டு எரிப்பார்கள். முனிரத்தினம் என் மூட்டையிலிருந்து ஒரு கூடை எடுத்து மேலடுக்கில் கொட்டியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவை ஒவ்வொன்றாக வாயைத் திறந்து நீரைக் கக்கியிருக்கின்றன.

"நான் பயந்தே பூட்டேன் டீச்சரம்மா," என்றான். "இத்தினி வருசமா கிளிஞ்சல் எரிக்கிறேன். ஒண்ணுகூட எங்கிட்ட வாயத் தெறந்ததில்ல."

நாகம்மா: "நான் பார்த்தவுடனே சொல்லிட்டேன், அடப் பாவி, இது உசுரோட கீதுன்னு. எங்க நைனா பழவேற்காட்டுல படகு வச்சிகினு இருந்தாரு. சின்னதுல எத்தினி தின்னிருப்பேன். வாய மூடிகினு இருந்தா உசுரு. தொறந்துகினு இருக்கிறதத் தட்டிப் பாரு. மூடலன்னா தூக்கிப் போடு."

என் வகுப்பில் இதைச் சொல்ல எனக்கு இருபது நிமிஷமாகும்.

மீதி மூட்டையை நிழலில் வைத்து, நனைந்த சாக்கைப் போர்த்தியிருந்தாள். குழிந்த ஓடு கீழே. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினோம். அவள் உளியால், நான் பென்சிலால்.

மொத்தம் 94.
மூடியவை 61.
செத்தவை 20.
காளவாயில் வெந்தவை 13.

வெந்த பதின்மூன்றையும் நாகம்மா முறத்தில் வைத்து என் முன் நகர்த்தினாள். நான் மலையைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்தாள்.

"நாங்களும் இன்னிக்கி விரதம்தாங்க. அடுப்புல கவுச்சி ஏத்தமாட்டோம். ஆனா இது அடுப்பு இல்லியே, காளவாய். நாம இன்னா சமைச்சமா? தானா வெந்துகிச்சு."

முனிரத்தினம்: "முருகனுக்கு இந்தக் கணக்கெல்லாம் நீ சொல்லு."

"ஆங், சொல்றேன். ஒடம்பு சொகமில்லாதவங்க சாப்புடறத அவரு தடுக்கப் போறாரா? நான் தொடல. அவங்க சாப்புடட்டும். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

அவன் உண்மையாகவே திரும்பி உட்கார்ந்தான்.

முதல் சிப்பி. செவுள், போர்வை, மூடுதசை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பழக்கத்தில் இதயத்தைத் தேடினேன், வெந்து சுருங்கிவிட்டது. இருபத்து மூன்று ஆண்டாக இதை மெழுகுத் தட்டில் குத்தி வைத்துப் பெயர் சொல்லியிருக்கிறேன். அதற்கு என் வாயும் ஓர் இடம் என்று தோன்றியதே இல்லை. கண்ணை மூடாமல் போட்டுக்கொண்டேன்.

முதலில் உப்பு. பிறகு, சிறு வயதில் பெட்டிச் சாவியை வாயில் வைத்த சுவை. கடைசியில் பால் போல ஏதோ ஒன்று. மணல் ஒரு துகள். வாந்தி வரவில்லை.

பதினொன்று சாப்பிட்டேன். இரண்டில் கரி.

"ஓட்டுல கீற தண்ணியயும் குடிங்க டீச்சரம்மா. அதுதான் சத்து," என்றாள். குடித்தேன். ஓடுகள் அவளுக்கு என்று பேசிக்கொண்டோம். சுண்ணாம்புக்கு ஆகும்.

பி.ப. 1 மணி. பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன். கிணற்றடியில் தண்ணீர் இறைத்து வைத்திருந்தது. கொடியில் என் மாற்றுப் புடவை, நீள மடிப்பாக. கோமதி மலையிலிருந்து வந்து, ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு உள்ளே வரும்வரை அவள் கூடத்தைவிட்டு வெளியே வரவில்லை. நெற்றியில் விபூதி பூசினாள். 

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"எங்கேன்னு நான் கேக்கல."

விளக்கு வைத்த பிறகுதான் அவள் சாப்பிட்டாள். ஒரு வாழைப்பழம், பால்.


10 பிப்ரவரி, ஞாயிறு

முனிரத்தினம் மூட்டையைத் தோளில் தூக்கிவந்து பின்கட்டில் இறக்கினான். இரவில் மேலும் மூன்று செத்துவிட்டன. 58.

கோமதி சமைத்தாள். மூக்கைச் சுளித்தபடி, ஆனால் ஒழுங்காக. கொதிநீரில் போட்டு வாய் திறந்ததும் எடுத்து, சதையைச் சுரண்டி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, நல்லெண்ணெய். கொதித்த நீரை நான் போய்ச் சொல்வதற்குள் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாள். "நாத்தத் தண்ணி, வேறென்ன செய்யறது?" சத்து அதில்தான் என்று நாகம்மா சொன்னதைச் சொன்னேன். "அப்ப செடி தேறிடும்."

உப்புப் பார்க்கிறேன் என்று ஒன்று எடுத்தாள். மிளகு போதுமா என்று இன்னொன்று. கீரை வெந்ததா என்று இரண்டு.

சுந்தரம் தட்டைத் தள்ளிவைத்தார். "உங்க அக்காகிட்ட சொல்லு, எனக்கு ரசம் போதும்." ஐந்து நிமிஷம் கழித்து: "அது என்ன, முருங்கைக்கீரை மட்டும் கொஞ்சம் இருக்கா?"

பழைய புத்தகக் கட்டுகளைப் பிரித்தேன். மூட்டைப்பூச்சி.


14 பிப்ரவரி, வியாழன்

சோதனை: ஐந்து. காலை வெளிச்சத்தில், சொட்டின் ஈரப்பளபளப்பு போனவுடன், காய்வதற்குள். தெளிவான ஐந்து.

காரணம் எதுவென்று சொல்ல முடியாது. எழுதி வைக்கிறேன்:
மாத்திரை (இரண்டு வாரம்).
சிப்பி (ஐந்து வேளை).
முருங்கைக்கீரை.
போக்கு நின்று பத்து நாள்.
கோமதியின் கிருத்திகை (கோமதியின் வாதம்).

ஐந்தும் ஒன்றாக நடந்திருக்கின்றன. ஒன்றைப் பிரித்துப் பார்க்க இன்னொரு நான் வேண்டும். மாணவி ஒருத்தி இப்படி ஒரு சோதனைக் குறிப்பைக் கொண்டுவந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்தேன். ஒரே குடம். கோமதி பார்க்காதபோது.


18 பிப்ரவரி, திங்கள்

இரண்டாவது மூட்டை. இம்முறை தகரத்தில் என் பெயரை எழுதிக் கம்பியால் கட்டியிருந்தாள் ரெஜினா. அதுவும் காளவாய்க்கே போயிற்று. கண்ணையன்: "போன தடவ அங்கதான டீச்சரம்மா போயி சாப்ட்டீங்க? அதான் நேரா அனுப்பிச்சிட்டேன்."

ஊருக்கே தெரிந்திருக்கிறது.

காளவாய்க்கு நடந்தேன். வழியில் உட்கார்ந்தது ஒரு தடவை. எரித்துவிடவில்லை, எனக்காக நிழலில் வைத்திருந்தார்கள். நாகம்மா கீல் பக்கம் உளியை வைத்து ஒரு தட்டு, திறந்துவிடுகிறது. நான் முயன்று கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். "இருக்கிற ரத்தத்தயும் ஏன் டீச்சரம்மா ஊத்துறீங்க," என்று உளியைப் பிடுங்கிக்கொண்டாள். காளவாய் ஓரத்தில் சுட்டு, அவளும் நானும் சாப்பிட்டோம். அவள் வேகமாகச் சாப்பிடுகிறாள். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு என்றாள். முனிரத்தினம் இன்று திரும்பி உட்காரவில்லை. சாப்பிடவும் இல்லை. "வேணாம். இதுங்கள நான் வேற மாதிரி பாத்துகினு இருக்கிறவன்."


21 பிப்ரவரி, வியாழன்

சோதனை: ஆறு. ஐந்துக்கு மேல், ஐயமில்லை.

முதல்வருக்கு 'முதல் தேதி காலை வந்துவிடுவேன்' என்று எழுதினேன். தபாலில் போடவில்லை. கண்ணாடிக்கால் வந்துவிட்டது, தட்டான் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறான்.


25 பிப்ரவரி, திங்கள்

மறுபடியும் போக்கு ஆரம்பித்துவிட்டது. அதிகமில்லை. கோமதியிடம் சொல்லவில்லை. துணி காயப்போட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். முருங்கைக்கீரை ஆய்ந்தாள். இரண்டு நாளைக்குப் போதுமான கீரை.


28 பிப்ரவரி, வியாழன்

வெயில் ஏறிவிட்டது, சால்வை பெட்டிக்குள். சென்னைப் பெட்டியும் கட்டியாயிற்று. கோமதி கட்டினாள்.

கா. 7 மணி. முற்றத்தில் சோதனை. ஒற்றுத்தாள், ஊசி, அட்டை. கோமதி பக்கத்தில் நின்றாள், கையில் சொம்போடு.

சொட்டு பரவியது. பளபளப்புப் போகும்வரை காத்திருந்தேன். ஆறாம் சிவப்பின் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் அடர்த்தி. ஏழின் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் வெளிறல்.

"ஏழுதானே?"

"வெளிச்சத்தை மறைக்காதே."

நகர்ந்தாள். இன்னொரு விரலில் குத்தினேன். இரண்டாவது சொட்டும் அதே இடத்தில் நின்றது. காயவிட்டால் இன்னும் கருக்கும், ஏழு போலத் தோன்றும். ஒரு நிமிஷம் பொறுத்தால் போதும். என் மாணவிகள் அப்படித்தான் பொறுப்பார்கள். எனக்குத் தெரியும், அதனால்தான் பக்கத்தில் போய் நிற்பேன்.

ஆறு என்று எழுதினேன்.

கோமதி: "நீயேதான் பாக்குற, நீயேதான் எழுதுற. யாருக்கு தெரியப் போவுது?"

"கரும்பலகைக்குத் தெரியும்."

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பெட்டிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

மருத்துவமனை. டாக்டர் தாளைப் பார்த்தார். என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். மறுபடி தாளை. "நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போக வேண்டாமா?"

"வேண்டும்."

"ஏழு என்று எழுதியிருந்தால் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"தெரியும்."

கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு எழுதினார்: இன்னும் நான்கு வாரம் ஓய்வு தேவை, தேறி வருகிறார். 'தேறி வருகிறார்' என்பதன் கீழ் ஒரு கோடு. மாத்திரையையும் சிப்பியையும் விடக்கூடாது என்றார். எது வேலை செய்கிறதென்று தெரியவில்லையே என்றேன். "எனக்கும்தான். இரண்டையும் விடாதீர்கள்."

பி.ப. 3 மணி. முதல்வருக்குக் கடிதம், சான்றோடு. துறையை இளையவரிடம் கொடுப்பதானால் கொடுக்கட்டும். சிப்பியை அறுக்கும்போது கீலுக்கு எதிர்ப்பக்கம் கத்தியை வைக்கப் பாடநூலில் சொல்கிறார்கள். அது தவறு, கீல் பக்கம்தான் வைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லும்படி கடைசி வரியில் எழுதினேன். அடித்துவிட்டேன். பிறகு மறுபடி எழுதினேன்.

ரெஜினாவுக்கு ஒரு கார்டு: வாரம் ஒரு மூட்டை, மார்ச் கடைசிவரை. வெயில் வந்துவிட்டது, சாக்கு இரண்டு போடவும். என் பெயர் வேண்டாம். முகவரி: முனிரத்தினம், சுண்ணாம்புக் காளவாய், திருத்தணி.